கயிறு, கப்பி, கட்டைகள்: இழுவிசைக் கணக்குகளைத் தீர்க்கும் முறை

இறுகி நிற்கும் கயிற்றின் ஒவ்வொரு பகுதியும் தன்னை அடுத்த பகுதியை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பின் அளவே இழுவிசை. கயிற்றால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே கயிற்றில் கட்டிய பொருளின் மீது இழுவிசை எப்போதும் பொருளை விட்டு விலகி, கயிற்றின் திசையிலேயே இருக்கும்.

இழுவிசை ஒரு கயிற்றுக்கு நிலையான அளவு அன்று. கிணற்றுக் கப்பியில் தொங்கும் வாளியும் தண்ணீரும் சேர்ந்து 10 கி.கி. என்று கொள்ளலாம். வாளி அசையாமல் நின்றாலும், ஒரே வேகத்தில் ஏறினாலும், கயிற்றின் இழுவிசை 100 நியூட்டன். 3 மீ/வி² முடுக்கத்துடன் மேலே வெடுக்கென்று இழுத்தால் 130 நியூட்டன். அதே முடுக்கத்துடன் கீழே இறங்கவிட்டால் 70 நியூட்டன். கயிற்றை அப்படியே விட்டுவிட்டால் சுழியம். வாளி ஒன்றுதான், இழுவிசை மட்டும் நான்கு விதம். நைந்த கயிறு மெதுவாக இறைக்கும்போது தாங்கிவிட்டு, வெடுக்கென்று இழுக்கும்போது அறுந்துபோவது இதனால்தான்.

இவ்வகைக் கணக்குகளில் விழும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: தொங்கும் பொருளின் எடையையே இழுவிசை என்று எழுதிவிடுவது. பொருள் முடுக்கமின்றி இருக்கும்போது மட்டுமே அது சரி. மற்ற எல்லா நிலைகளிலும் இழுவிசை, கண்டுபிடிக்க வேண்டிய ஓர் அளவு.

இந்த அத்தியாயத்தில் இழுவிசை "இ" என்றும் முடுக்கம் "மு" என்றும் குறிக்கப்படுகின்றன. எண்கள் எளிதாக இருப்பதற்காக ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்ளப்படுகிறது. வேறு மதிப்பு எடுக்கும் இடத்தில் அது குறிப்பிடப்படும்.

கணக்கில் சொல்லாமல் சொல்லப்படும் மூன்று நிபந்தனைகள்

பாடநூல் கணக்குகளில் மூன்று நிபந்தனைகள் வழக்கமாக அடங்கியிருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தால் சமன்பாடும் மாறும்.

கயிறு நீளாது: அதனால் ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டிய பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே தொலைவு நகரும், முடுக்கத்தின் அளவும் ஒன்றாகவே இருக்கும்.

கயிற்றுக்கு நிறை இல்லை: அதனால் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுவிசை மாறாது.

கப்பிக்கு நிறையும் உராய்வும் இல்லை: அதனால் கப்பியின் இருபுறமும் இழுவிசை ஒன்றே. நிலையான கப்பி விசையின் திசையை மாற்றுகிறது, அளவை மாற்றுவதில்லை.

தீர்க்கும் ஒழுங்கு

கணக்கு எவ்வளவு சிக்கலாகத் தோன்றினாலும் கீழுள்ள ஐந்து படிகளே போதுமானவை.

1. ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பிரித்து அதன் விசைப்படத்தை வரைய வேண்டும். எடை, தளத்தின் செங்குத்து விசை, இழுவிசை, உராய்வு, வெளி விசை ஆகியவற்றில் அந்தப் பொருளைத் தொடுபவையும் ஈர்ப்பும் மட்டுமே படத்தில் இடம்பெறும்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் அது நகரும் பக்கத்தை நேர்க்குறித் திசையாகக் கொள்ள வேண்டும். ஒன்று கீழே இறங்கி மற்றொன்று மேலே ஏறினால், முதலாவதற்குக் கீழ்நோக்கியும் இரண்டாவதற்கு மேல்நோக்கியும் நேர்க்குறி.

3. கயிற்றின் நீளம் மாறாது என்பதிலிருந்து பொருள்களின் முடுக்கங்களுக்கு இடையே உள்ள தொடர்பை எழுத வேண்டும்.

4. ஒவ்வொரு பொருளுக்கும் "நிகர விசை = நிறை × முடுக்கம்" என்ற நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதித் தீர்க்க வேண்டும்.

5. கிடைத்த விடையை, பயன்படுத்தாத சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கிடைத்தளத்தில் இணைந்த கட்டைகள்

வழுவழுப்பான மேசையில் 3 கி.கி., 2 கி.கி. நிறையுள்ள இரு கட்டைகள் கயிற்றால் இணைக்கப்பட்டுள்ளன. 3 கி.கி. கட்டையை 20 நியூட்டன் விசை முன்னால் இழுக்கிறது.

இரண்டும் சேர்ந்து நகர்வதால் மொத்த நிறை 5 கி.கி.; முடுக்கம் 20 ÷ 5 = 4 மீ/வி². கயிற்றின் வேலை பின்னால் வரும் 2 கி.கி. கட்டையை இழுப்பது மட்டுமே. எனவே இ = 2 × 4 = 8 நியூட்டன். முன்கட்டையில் சரிபார்த்தால் 20 − 8 = 12 = 3 × 4. பொருந்துகிறது.

அதே 20 நியூட்டன் விசையை 2 கி.கி. கட்டையின் பக்கமிருந்து கொடுத்தால் முடுக்கம் மாறாது. ஆனால் கயிறு இப்போது 3 கி.கி. கட்டையை இழுக்க வேண்டியிருப்பதால் இழுவிசை 12 நியூட்டன் ஆகிறது. தனக்குப் பின்னால் எவ்வளவு நிறை இருக்கிறதோ அதை முடுக்கத் தேவையான அளவே கயிறு இறுகும். மூன்று, நான்கு கட்டைகள் தொடராக வந்தாலும் இந்த ஒரு விதியே போதும்.

கயிற்றுக்கு நிறை இருந்தால் இழுவிசை இடத்துக்கு இடம் மாறும். 4 கி.கி. கட்டையை 1 கி.கி. நிறையுள்ள கயிற்றால் 20 நியூட்டன் விசையில் இழுத்தால், முடுக்கம் 4 மீ/வி². கயிற்றின் கைப்பக்க முனையில் இழுவிசை 20 நியூட்டன், நடுவில் 18, கட்டையின் பக்கம் 16. நடுவில் 18 வருவதற்குக் காரணம், அங்கே 4 கி.கி. கட்டையோடு அரைக் கிலோ கயிறும் பின்னால் வருவதே.

அட்வுட் இயந்திரம்

நிலையான கப்பியின் இருபுறமும் இரு நிறைகள் தொங்கும் அமைப்புக்கு, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆங்கிலேயக் கணிதவியலர் ஜார்ஜ் அட்வுட்டின் பெயர் வழங்குகிறது. அவர் 1784இல் வெளியிட்ட நூலில் இக்கருவியை விவரித்தார். தடையின்றி விழும் பொருள் 1 மீட்டர் விழ ஏறத்தாழ 0.45 நொடியே ஆகிறது; அக்காலக் கடிகாரங்களைக் கொண்டு அதை நுட்பமாக அளப்பது கடினம். ஒருபுறம் 510 கிராம், மறுபுறம் 500 கிராம் தொங்கவிட்டால், ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 மீ/வி² என்று கொள்ளும்போது, முடுக்கம் 0.097 மீ/வி² ஆகக் குறைகிறது. அதே 1 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4.5 நொடி ஆகும். இயக்கத்தை மெதுவாக்கி அளக்கும் இந்த உத்தியே கருவியின் பயன்.

இனி ஒரு கணக்கு: ஒருபுறம் 3 கி.கி., மறுபுறம் 2 கி.கி.

3 கி.கி. இறங்குகிறது: 30 − இ = 3 × மு
2 கி.கி. ஏறுகிறது: இ − 20 = 2 × மு

இரண்டையும் கூட்டினால் இழுவிசை நீங்கி 10 = 5 × மு என்று கிடைக்கும். ஆகவே மு = 2 மீ/வி². இரண்டாம் சமன்பாட்டில் இட்டால் இ = 24 நியூட்டன். முதல் சமன்பாடும் 30 − 24 = 6 = 3 × 2 என்று ஒத்துவருகிறது.

24 என்பது 20க்கும் 30க்கும் இடையில் இருப்பது தற்செயல் அன்று. கனமான பொருள் இறங்க வேண்டுமென்றால் இழுவிசை அதன் எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இலேசான பொருள் ஏற வேண்டுமென்றால் அதன் எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்கு வெளியே விழும் விடையைச் சமன்பாட்டில் இடாமலேயே தள்ளிவிடலாம்.

கப்பியைத் தாங்கும் கொக்கியின் மீதான விசை 24 + 24 = 48 நியூட்டன். தொங்கும் மொத்த எடையோ 50 நியூட்டன். 2 நியூட்டன் எங்கே போயிற்று? இரு பொருள்களும் சேர்ந்த அமைப்பின் நிறை மையம் கீழ்நோக்கி (3 × 2 − 2 × 2) ÷ 5 = 0.4 மீ/வி² முடுக்கத்துடன் இறங்குகிறது. அதற்குத் தேவையான நிகர விசை 5 × 0.4 = 2 நியூட்டன். பொருள்களைக் கையால் பிடித்து நிறுத்தினால் இந்தக் கணக்கு மாறிவிடும். கொக்கியின் விசை 48 என்பது அவை நகரும்போது மட்டுமே.

தேர்வுகளில் இதன் தொடர்ச்சியாக ஒரு கேள்வி வருவதுண்டு. 3 கி.கி. பொருள் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஓய்விலிருந்து விடப்படுகிறது, 2 கி.கி. பொருள் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏறும்? 1 மீட்டர் என்பது அவசர விடை. 3 கி.கி. தரையைத் தொடும் நேரத்தில் வேகத்தின் இருமடி 2 × 2 × 1 = 4; வேகம் 2 மீ/வி. அந்தக் கணத்தில் கயிறு தளர்ந்துவிடுகிறது, இழுவிசை சுழியம். 2 கி.கி. பொருள் மேல்நோக்கி எறியப்பட்ட பொருளைப்போல இன்னும் 4 ÷ 20 = 0.2 மீட்டர் ஏறும். மொத்தம் 1.2 மீட்டர். இயக்கம் இரு கட்டங்களாகப் பிரியும் இடத்தில் பழைய சமன்பாட்டை விட்டுவிட்டுப் புதியதை எழுத வேண்டும்.

மேசையில் ஒன்று, தொங்குவது ஒன்று

மேசையின் மீது 4 கி.கி. கட்டை. அதிலிருந்து செல்லும் கயிறு மேசை விளிம்பிலுள்ள கப்பி வழியாக இறங்கி ஒரு பொருளைத் தாங்குகிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.3, இயக்க உராய்வுக் குணகம் 0.2.

உராய்வு உள்ள கணக்கில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: அமைப்பு நகருமா? கட்டையின் மீது தளம் தரும் செங்குத்து விசை 40 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வின் பெரும மதிப்பு 0.3 × 40 = 12 நியூட்டன்.

தொங்குவது 1 கி.கி. என்றால் அதன் எடை 10 நியூட்டன், 12ஐ எட்டவில்லை. அமைப்பு அசையாது. இழுவிசை 10 நியூட்டன். உராய்வும் 10 நியூட்டனே. இங்கே உராய்வை 12 என்று எழுதுவது அடிக்கடி காணப்படும் பிழை. அப்படி எழுதினால் கட்டை பின்னோக்கி முடுக்கம் பெறுவதாக விடை வரும்! ஓய்வுநிலை உராய்வு தேவைப்படும் அளவுக்கே எழும். 12 என்பது அதன் உச்ச வரம்பு மட்டுமே.

தொங்குவது 2 கி.கி. என்றால் எடை 20 நியூட்டன், 12ஐ மீறுகிறது. அமைப்பு நகரும். நகரத் தொடங்கியபின் இயக்க உராய்வே செயல்படும்: 0.2 × 40 = 8 நியூட்டன்.

தொங்கும் பொருள்: 20 − இ = 2 × மு
மேசைக் கட்டை: இ − 8 = 4 × மு

கூட்டினால் 12 = 6 × மு. மு = 2 மீ/வி², இ = 16 நியூட்டன். தொங்கும் பொருளின் எடை 20 நியூட்டன் என்பதையும் கட்டையை இழுக்கும் விசை 16 மட்டுமே என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாய்தளம்

30° சாய்தளத்தில் 6 கி.கி. கட்டை; உச்சியிலுள்ள கப்பி வழியாக மறுபுறம் 4 கி.கி. பொருள் தொங்குகிறது. சாய்தளக் கணக்குகளில் அச்சுகளைத் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் கொள்வதே வசதி. எடையின் தளத்துக்கு இணையான கூறு 60 × சைன் 30° = 30 நியூட்டன்; தளத்துக்குச் செங்குத்தான கூறு 60 × கொசைன் 30° = ஏறத்தாழ 52 நியூட்டன்.

தளம் வழுவழுப்பானது என்றால், தொங்கும் பக்கம் 40 நியூட்டன், சாய்தளப் பக்கம் 30 நியூட்டன். கட்டை மேலேறும். 40 − இ = 4 × மு; இ − 30 = 6 × மு. இவற்றிலிருந்து மு = 1 மீ/வி², இ = 36 நியூட்டன்.

தளத்தில் உராய்வு இருந்தால் அதன் திசையை முன்கூட்டியே மனப்பாடமாக எழுதக் கூடாது. உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டு கட்டை எந்தப் பக்கம் நகர முயல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உராய்வு அதற்கு எதிர்ப்பக்கம். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.25 என்றால் பெரும உராய்வு 13 நியூட்டன். தொங்குவது 4 கி.கி. என்றால் கட்டை மேலேற முயல்கிறது. 10 நியூட்டன் உராய்வு கீழ்நோக்கி எழுந்து அதை நிறுத்திவிடும். தொங்குவது 2 கி.கி. என்றால் கட்டை கீழே சரிய முயல்கிறது. அதே 10 நியூட்டன் உராய்வு இம்முறை மேல்நோக்கி எழும். தொங்குவது 3 கி.கி. என்றால் உராய்வே தேவையில்லை. ஆக, இந்த அமைப்பு ஓய்வில் நிற்பதற்குத் தொங்கும் நிறை (30 − 13) ÷ 10 = 1.7 கி.கி. முதல் (30 + 13) ÷ 10 = 4.3 கி.கி. வரை எதுவாகவும் இருக்கலாம். உராய்வு உள்ள சமநிலைக்கு விடை பெரும்பாலும் ஒற்றை எண்ணாக இராது; ஒரு வரம்பாகவே இருக்கும்.

நகரும் கப்பி

கயிற்றின் ஒரு முனை கூரையில் கட்டப்பட்டுள்ளது. கயிறு கீழிறங்கி நகரும் கப்பியைச் சுற்றி மேலேறி, கூரையிலுள்ள நிலையான கப்பி வழியாக மறுபுறம் இறங்குகிறது. நகரும் கப்பியில் 4 கி.கி., கயிற்றின் மறுமுனையில் 3 கி.கி. தொங்குகின்றன.

இங்கே இரு பொருள்களின் முடுக்கமும் ஒன்றல்ல. நகரும் கப்பியை இரண்டு கயிற்றுப் பகுதிகள் தாங்குகின்றன. அது 1 செ.மீ. ஏறினால் இரு பகுதிகளும் தலா 1 செ.மீ. குறையும், கயிற்றின் நீளம் மாறாததால் 3 கி.கி. பக்கம் 2 செ.மீ. இறங்கியாக வேண்டும். எனவே கப்பியின் முடுக்கம் "மு" என்றால் 3 கி.கி. பொருளின் முடுக்கம் 2 × மு. கப்பியை மேலே இழுக்கும் விசையும் அதுபோலவே 2 × இ.

3 கி.கி. பொருள்: 30 − இ = 3 × 2 × மு
4 கி.கி. பொருள்: 2 × இ − 40 = 4 × மு

முதல் சமன்பாட்டிலிருந்து இ = 30 − 6 × மு. அதை இரண்டாவதில் இட்டால் 20 = 16 × மு. ஆகவே மு = 1.25 மீ/வி², 3 கி.கி. பொருளின் முடுக்கம் 2.5 மீ/வி²; இழுவிசை 22.5 நியூட்டன். சரிபார்க்க: 45 − 40 = 5 = 4 × 1.25.

எடை குறைந்த 3 கி.கி. பொருள் இறங்க, எடை கூடிய 4 கி.கி. பொருள் ஏறுகிறது. விசையில் கிடைக்கும் இந்த இலாபத்துக்குத் தொலைவில் விலை கொடுக்கப்படுகிறது. முடுக்கத் தொடர்பு சரியா என்று பார்க்கவும் இதுவே வழி: இழுவிசை ஒருபுறம் செய்யும் வேலையும் மறுபுறம் செய்யும் வேலையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். ஒருபுறம் இ × 2 செ.மீ., மறுபுறம் 2இ × 1 செ.மீ.; இரண்டும் சமம்.

கப்பிக்கு நிறை இருந்தால்

கயிறு வழுக்காமல் கப்பியைச் சுழற்றினால், சுழற்றுவதற்கு ஒரு திருப்பு விசை தேவை. இருபுறமும் இழுவிசை சமமாக இருந்தால் அந்தத் திருப்பு விசை கிடைக்காது. எனவே இழுவிசைகள் வேறுபட்டே ஆக வேண்டும். சீரான வட்டத்தட்டு வடிவக் கப்பியின் நிலைமத் திருப்புத்திறன், நிறையின் பாதி × ஆரத்தின் இருமடி. இதனால் இரு இழுவிசைகளின் வேறுபாடு, கப்பி நிறையின் பாதி × முடுக்கம் என்று அமைகிறது; ஆரம் நீங்கிவிடுகிறது.

முன்பு பார்த்த 3 கி.கி., 2 கி.கி. அமைப்பில் கப்பி 10 கி.கி. நிறையுள்ள தட்டு என்று கொள்ளலாம். அப்போது 10 = (3 + 2 + 5) × மு. முடுக்கம் 2இலிருந்து 1 மீ/வி² ஆகக் குறைகிறது. 3 கி.கி. பக்கம் இழுவிசை 27 நியூட்டன், 2 கி.கி. பக்கம் 22 நியூட்டன். வேறுபாடு 5 நியூட்டன், அதாவது கப்பி நிறையின் பாதியான 5 × 1.

விடையைச் சோதிக்கும் வழிகள்

எண்களை இடுவதற்கு முன் பொதுச் சூத்திரம் கிடைத்திருந்தால், அதை எல்லை நிலைகளில் பார்ப்பது நல்லது. அட்வுட் இயந்திரத்தில் இரு நிறைகளும் சமமானால் முடுக்கம் சுழியமாக வேண்டும். ஒரு நிறையைச் சுழியமாக்கினால் மற்றது தடையின்றி விழ வேண்டும். இழுவிசையும் சுழியமாக வேண்டும். இவற்றுக்கு ஒத்துவராத சூத்திரத்தில் எங்கோ குறியோ நிறையோ தவறியிருக்கிறது.

உராய்வில்லாத கணக்கில் முடுக்கம் எதிர்க்குறியில் வந்தால், தேர்ந்த திசைக்கு எதிராகப் பொருள் நகர்கிறது என்பதே பொருள், விடை செல்லும். இயக்க உராய்வு உள்ள கணக்கில் அப்படி வந்தால் உராய்வின் திசையும் தவறாகியிருக்கும். கணக்கை மீண்டும் தொடங்க வேண்டும். இழுவிசை எதிர்க்குறியில் வந்தால் கயிறு தளர்ந்துவிட்டது என்று பொருள். பொருள்களைத் தனித்தனியாகக் கருத வேண்டும்.

பயிற்சிக் கணக்குகள்

1. வழுவழுப்பான மேசையில் 1, 2, 3 கி.கி. கட்டைகள் அதே வரிசையில் இரு கயிறுகளால் இணைக்கப்பட்டுள்ளன. 3 கி.கி. கட்டையை 12 நியூட்டன் விசை இழுக்கிறது. இரு கயிறுகளின் இழுவிசைகளைக் காண்க.

2. வழுவழுப்பான மேசையில் 4 கி.கி. கட்டை. அதன் இருபுறமும் கயிறுகள் கப்பிகள் வழியாக இறங்கி, இடப்புறம் 2 கி.கி., வலப்புறம் 4 கி.கி. பொருள்களைத் தாங்குகின்றன. முடுக்கத்தையும் இழுவிசைகளையும் காண்க.

3. மேசையில் 5 கி.கி. கட்டை, தொங்குவது 3 கி.கி. அமைப்பு நகர்கிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.2. முடுக்கத்தையும் இழுவிசையையும் காண்க.

4. 3 கி.கி., 2 கி.கி. அட்வுட் இயந்திரம், 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலேறும் லிஃப்டின் கூரையில் தொங்குகிறது. இழுவிசையைக் காண்க.

விடைகள்: (1) 3, 2 கி.கி. கட்டைகளுக்கு இடையே 6 நியூட்டன். 2, 1 கி.கி. கட்டைகளுக்கு இடையே 2 நியூட்டன். (2) 2 மீ/வி². இடக்கயிற்றில் 24, வலக்கயிற்றில் 32 நியூட்டன். (3) 2.5 மீ/வி², 22.5 நியூட்டன். (4) லிஃப்டுக்குள் ஈர்ப்பு முடுக்கத்தை 12 மீ/வி² என்று கொண்டால், லிஃப்டைச் சார்ந்த முடுக்கம் 2.4 மீ/வி², இழுவிசை 28.8 நியூட்டன்.

விடை ஒத்துவராத கணக்கில் சமன்பாட்டைத் திருத்த முயல்வதைவிட விசைப்படத்தைப் புதிதாக வரைவதே விரைவான வழி. பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.